போர் கொடுத்த வேலை இரவல் நகை



போன வாரம் பெண்கள் வாக்குரிமை பற்றி ஒரு சின்னப் பதிவு போட்டிருந்தேன். அதன் கீழே என்னிடம் ஏழாம் வகுப்புப் படித்த பிள்ளை ஒருத்தி கேட்டிருந்தாள்: "டீச்சர், உலகப்போர் வந்ததால்தானே வெள்ளைக்காரப் பெண்கள் வேலைக்குப் போனாங்க, ஓட்டும் வாங்கினாங்க? அப்போ போர் நல்லதும் செஞ்சிருக்கே?" என் தம்பியின் மருமகனும் "நியாயமான கேள்வி" என்று எழுதியிருந்தார்.

நல்ல கேள்விதான். ஆனால் இரண்டு வரியில் பதில் சொல்ல முடியாது. நம் பாடப்புத்தகத்தில் உலகப்போர் என்றால் காரணங்கள், நேச நாடுகள், அச்சு நாடுகள், உடன்படிக்கை, விளைவுகள் என்று முடிந்துவிடும். ஐந்து மதிப்பெண் வினாவுக்கு அது போதும். வாழ்க்கைக்குப் போதாது. அதனால் இன்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். சமையல் வேலை முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

பிரிட்டனை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அங்கே சட்டம், ஓட்டெடுப்பு எல்லாம் தேதியோடு பதிவாகியிருக்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. இந்தக் கதையின் நடுவில் பள்ளிக்கூட ஆசிரியைகள் வருகிறார்கள். என் இனத்தை நான் விட்டுக்கொடுக்க முடியுமா?

முதலில் ஒரு தவறான எண்ணத்தைச் சரிசெய்துவிடுவோம். 1914-க்கு முன்னால் பிரிட்டனில் பெண்கள் வேலைக்கே போகவில்லை என்பது சரியல்ல. ஏழை வீட்டுப் பெண்கள் எப்போதும் உழைத்தார்கள். பலர் பணக்கார வீடுகளில் வேலைக்காரிகள். லங்காஷயர் பக்கம் பஞ்சாலைகளில் ஆயிரக்கணக்கான பெண்கள். வீட்டிலேயே உட்கார்ந்து கூலிக்குத் தைத்தவர்கள் வேறு. போர் செய்தது என்னவென்றால், அதுவரை ஆண்களுக்கு மட்டும் என்று வைத்திருந்த வேலைகளின் கதவைத் திறந்தது. டிராம் வண்டி நடத்துநர், ரயில் நிலையப் போர்ட்டர், லேத் பட்டறை, குண்டு தயாரிக்கும் ஆலை என்று அந்த வரிசை நீளும்.

1915-இல் போர்முனையில் பீரங்கிக் குண்டுகளுக்குப் பெரும் தட்டுப்பாடு வந்தது. ஆண்கள் படைக்குப் போய்விட்டார்கள். ஆலையில் கை வேண்டும். அந்த ஆண்டு ஜூலையில் எம்மலின் பாங்கர்ஸ்ட் தலைமையில் பெண்கள் லண்டனில் ஊர்வலம் போனார்கள். "எங்களுக்கும் வேலை கொடு" என்பது கோரிக்கை. போர் முடிவதற்குள் ஏறத்தாழ ஒன்பது லட்சம் பெண்கள் போர்த்தளவாட ஆலைகளில் வேலை பார்த்தார்கள்.

என்ன வேலை தெரியுமா? டி.என்.டி. என்ற வெடிமருந்தைக் குண்டுக்குள் நிரப்புவது. அந்த மருந்து பட்டுப் பட்டு அவர்கள் தோலும் முடியும் மஞ்சளாகிவிட்டன. "கேனரிப் பெண்கள்" என்று ஊர் அவர்களுக்குப் பேர் வைத்தது. கேனரி என்பது மஞ்சள் குருவி. பேர் அழகாக இருக்கிறது, ஆனால் கல்லீரல் கெட்டு நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் செத்துப்போனார்கள். 1916 டிசம்பர் 5 அன்று லீட்ஸ் நகருக்குப் பக்கத்தில் பார்ன்போ ஆலையில் வெடிவிபத்து. 35 பெண்கள் இறந்தார்கள். போர்க்காலத் தணிக்கை இருந்ததால் என்ன நடந்தது என்று செய்தித்தாளில் வரவில்லை. சிவகாசிப் பக்கம் இருக்கிற என் மாணவர்களுக்கு இந்த வலியை நான் விளக்க வேண்டியதில்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பெண்களை ஆலைக்குள் விடும்போதே, 1915 மார்ச்சில் அரசும் தொழிற்சங்கங்களும் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. போர் முடிந்ததும் ஆலைகளில் பழைய முறையே திரும்ப வரும் என்பது அதன் சாரம். அதாவது, வேலை கொடுக்கும் நாளிலேயே அதைத் திருப்பி வாங்கும் நாளையும் குறித்துவிட்டார்கள்.

நம் வீடுகளில் கல்யாணத்துக்கு இரவல் நகை வாங்கிப் போட்டுக்கொண்டு போவோம் இல்லையா? மண்டபத்தில் பார்ப்பவர்களுக்கு அது சொந்த நகை மாதிரிதான் தெரியும். நாமும் கண்ணாடியில் பார்த்து மகிழ்வோம். மறுநாள் காலையில் நகைக்காரி வாசலில் நிற்பாள். போர் கொடுத்த வேலை அந்த மாதிரி.

1918 நவம்பரில் போர் நின்றது. சில மாதங்களில் லட்சக்கணக்கான பெண்களை ஆலைகளிலிருந்து அனுப்பினார்கள். 1919-இல் போருக்கு முந்தைய நடைமுறைகளை மீட்கும் சட்டமே போட்டார்கள். வேலை போனவர்களுக்கு அரசு உதவித்தொகை உண்டு. ஆனால் வீட்டு வேலைக்காரி வேலை கிடைத்து, அதை ஒரு பெண் மறுத்தால் உதவித்தொகை நின்றுவிடும். லேத் இயந்திரம் ஓட்டிப் பழகிய பெண்ணைத் திரும்பவும் பாத்திரம் தேய்க்க அனுப்பினார்கள். நேற்று வரை "நாட்டைக் காத்த வீராங்கனை" என்று எழுதிய பத்திரிகைகள் இன்று "ஆண்களின் வேலையைப் பிடித்துவைத்திருக்கிறாள்" என்று எழுதின.

"ஓட்டு கிடைத்ததே டீச்சர்?" என்பீர்கள். 1918 பிப்ரவரியில் வந்த சட்டப்படி ஆண்களுக்கு 21 வயதில் ஓட்டு. பெண்களுக்கு 30 வயது ஆகியிருக்க வேண்டும், அதோடு சொத்து அல்லது வீடு சார்ந்த தகுதியும் வேண்டும். ஆலையில் மஞ்சளாகிப்போன பெண்களில் பெரும்பாலோர் இருபதுகளில் இருந்தவர்கள். எந்தச் சேவைக்கு நன்றிக்கடன் என்று சொன்னார்களோ அந்தச் சேவை செய்தவளுக்கே ஓட்டு இல்லை. அவள் 1928 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்னொன்றையும் பாருங்கள். பிரான்சில் பெண்கள் இதே போரில் இதே அளவுக்கு உழைத்தார்கள். அவர்களுக்கு ஓட்டு உண்டா? 1922-இல் அங்கே செனட் அதை நிராகரித்தது. 1944-இல்தான் அந்த உரிமை வந்தது. மறுபக்கம், நியூசிலாந்துப் பெண்களுக்கு 1893-லேயே ஓட்டு. பின்லாந்தில் 1906. அங்கே எந்த உலகப்போரும் நடக்கவில்லை. ஆகவே போர் என்ற விதையைப் போட்டால் உரிமை என்ற செடி முளைக்கும் என்று கணக்குப் போட முடியாது. பிரிட்டனில் ஓட்டு கிடைத்ததற்கு, போருக்கு முன்பே பல பத்தாண்டுகளாக நடந்த போராட்டமும் காரணம்.

இனி என் இனத்தாரின் கதை.

அந்தக் காலத்தில் பிரிட்டனில் பல ஊர்களில் ஒரு விதி இருந்தது. பள்ளி ஆசிரியை திருமணம் செய்துகொண்டால் வேலையை விட வேண்டும். திருமணத் தடை என்று சொல்லலாம். இரண்டு போர்களிலும் ஆண் ஆசிரியர்கள் படைக்குப் போனபோது இதே திருமணமான பெண்களைத்தான் "வாருங்கள், வாருங்கள்" என்று அழைத்தார்கள். முதல் போர் முடிந்து சில ஆண்டுகளில் "போங்கள், போங்கள்" என்றார்கள். வேல்ஸ் நாட்டின் ரோண்டா என்ற ஊரில் மன்றம் திருமணமான ஆசிரியைகளை நீக்கியது. அவர்கள் வழக்குப் போட்டார்கள். பாலினமோ திருமணமோ பணிக்குத் தடையாகக் கூடாது என்று 1919-இல் ஒரு சட்டம் வந்திருந்தது. அதை நம்பித்தான் போனார்கள். 1923-இல் தீர்ப்பு மன்றத்தின் பக்கம் வந்தது. சட்டத்தில் ஓட்டை இருந்தால் வெற்றி விழாக் கொண்டாடக் கூடாது என்பதற்கு இது ஒரு பாடம்.

சம்பளமும் அப்படித்தான். ஒரே படிப்பு, ஒரே வகுப்பு, ஒரே பாடம். ஆண் ஆசிரியர் ஐந்து ரூபாய் வாங்கினால் ஆசிரியைக்கு நான்கு ரூபாய் என்ற விகிதம். "அவருக்குக் குடும்பம் இருக்கிறது" என்பது சொன்ன காரணம். திருமணமாகாத ஆண் ஆசிரியருக்கும் அதே ஐந்து ரூபாய்தான். தாயையும் தம்பிகளையும் காப்பாற்றிய ஆசிரியைக்கும் அதே நான்குதான். சம ஊதியம் கூடாது என்பதற்காகவே ஆண் ஆசிரியர்களில் ஒரு பகுதியினர் தனிச் சங்கம் வைத்துக்கொண்டார்கள். சம ஊதியம் வேண்டும் என்று ஆசிரியைகளும் தனிச் சங்கம் கண்டார்கள்.

1939-இல் இரண்டாம் போர். செப்டம்பர் முதல் மூன்று நாட்களில் குண்டுவீச்சுக்குப் பயந்து ஏறத்தாழ 15 லட்சம் பேரை, பெரும்பாலும் குழந்தைகளை, நகரங்களிலிருந்து கிராமங்களுக்கு அனுப்பினார்கள். கழுத்தில் பெயர்ச்சீட்டு, தோளில் நச்சுவாயு முகமூடிப் பெட்டி. கூடவே போனவர்கள் ஒரு லட்சம் ஆசிரியர்களும் உதவியாளர்களும். முன்பின் தெரியாத ஊரில் அந்தப் பிள்ளைகளுக்குத் தாயாகவும் தகப்பனாகவும் இருந்தார்கள். சுற்றுலாவுக்கு நாற்பது பிள்ளைகளைக் கூட்டிப்போய்த் திரும்பும்வரை தலையை எண்ணிக்கொண்டே இருப்போமே, அதை மாதக்கணக்கில் செய்வதை நினைத்துப் பாருங்கள்.

1941 டிசம்பரில் பிரிட்டன் பெண்களையே கட்டாயப் பணிக்கு அழைத்தது. 20 முதல் 30 வயது வரையிலான திருமணமாகாத பெண்களும், குழந்தையில்லாத விதவைகளும் முதலில். படை, ஆலை, குடிமைப் பாதுகாப்பு என்று ஏதாவது ஒன்றுக்குப் போக வேண்டும். விமான எதிர்ப்புப் பீரங்கிப் படையில் பெண்கள் எதிரி விமானத்தின் உயரத்தையும் தூரத்தையும் கணித்துச் சொல்வார்கள். சுடும் விசையை மட்டும் அவர்கள் தொடக் கூடாது, அது ஆணின் வேலை! விமானங்களை ஆலையிலிருந்து படைத்தளத்துக்கு ஓட்டிக்கொண்டு போய் ஒப்படைக்கும் பணியில் நூற்று அறுபதுக்கும் மேற்பட்ட பெண் விமானிகள் இருந்தார்கள். அவர்களுக்கு மட்டும் 1943-இல் ஆண்களுக்குச் சமமான சம்பளம் கிடைத்தது. அது அபூர்வம்.

குண்டு விழுந்து கை கால் போனால் அரசு இழப்பீடு கொடுத்தது. அதிலும் பெண்ணுக்குக் குறைவு! ஒரே குண்டு, ஒரே தெரு, ஒரே மாதிரி காயம். பெண் உறுப்பினர்கள் கட்சி வேறுபாடு பார்க்காமல் சேர்ந்து போராடி 1943-இல் அதைச் சமமாக்கினார்கள்.

அடுத்த ஆண்டு நடந்ததுதான் நான் சொல்ல வந்த கதை.

1944-இல் புதிய கல்விச் சட்ட மசோதா நாடாளுமன்றத்தில். கல்விப் பொறுப்பு ஆர்.ஏ. பட்லரிடம். மார்ச் 28 அன்று தெல்மா கஸலெட்-கீர் என்ற பெண் உறுப்பினர் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். ஆசிரியர்களுக்கு ஆண், பெண் வேறுபாடு இல்லாமல் ஒரே சம்பளம். அவர் எதிர்க்கட்சிக்காரர் இல்லை, பிரதமர் சர்ச்சிலின் கட்சியேதான். ஓட்டெடுப்பு நடந்தது. ஆதரவாக 117. எதிர்ப்பாக 116. ஒரே ஓட்டில் ஆசிரியைகள் ஜெயித்தார்கள்! போர்க்காலக் கூட்டணி அரசு அவையில் தோற்றது.

இரண்டே நாள்தான். "இது என் அரசு மேல் நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்ற கேள்வி" என்று சர்ச்சில் மாற்றிவிட்டார். ஹிட்லரோடு போர் உச்சத்தில் இருக்கிறது. பிரான்சில் படை இறங்கப்போகிற நேரம். அந்த நேரத்தில் யார் பிரதமரைக் கவிழ்ப்பார்கள்? மார்ச் 30 அன்று மறு ஓட்டெடுப்பில் 425-க்கு 23 என்று திருத்தம் போய்விட்டது.

பிள்ளைகளே, இந்த இடத்தில் நின்று யோசியுங்கள். போர்தான் பெண்களுக்கு உரிமை கொடுத்தது என்கிறோம். இங்கே போரைக் காட்டித்தான் உரிமையைத் திரும்ப வாங்கினார்கள். போர் இருபக்கமும் வெட்டும்.

ஆனால் அதே 1944 சட்டத்தில் ஒரு நல்லது நடந்தது. ஆசிரியைகளின் திருமணத் தடை நாடு முழுவதும் நீங்கியது. பெண்கள் மேல் வந்த கருணை மட்டும் காரணமில்லை. கட்டாயக் கல்வி வயதை 15 ஆக உயர்த்தப்போகிறார்கள், ஆசிரியர்கள் ஏராளமாக வேண்டும். தேவை வந்தது, தடை போனது. ஆனாலும் இந்தத் தடவை அது சட்டத்தில் எழுதப்பட்டது. அதனால் போர் முடிந்தபின் யாரும் "போங்கள்" என்று சொல்ல முடியவில்லை. அதே போர்க்காலத்தில் திறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் காப்பகங்களைப் பாருங்கள். தாய்மார் ஆலைக்குப் போக வேண்டும் என்று அரசே பணம் கொடுத்து நடத்தியவை. போர் முடிந்ததும் பணம் குறைந்தது, ஒவ்வொன்றாக மூடினார்கள். எழுதி வாங்கியது நின்றது. எழுதாதது போனது.

சம ஊதியம்? ஆசிரியைகள் விடவில்லை. 1954-இல் பெண் உறுப்பினர்கள் நான்கு பேர் 80,000 கையெழுத்துகளோடு குதிரை வண்டிகளில் நாடாளுமன்றத்துக்குப் போய் மனு கொடுத்தார்கள். 1955-இல் அரசு இறங்கி வந்தது. அதையும் மொத்தமாகக் கொடுக்காமல் தவணை தவணையாகக் கொடுத்து 1961-இல்தான் முடித்தார்கள். ஒரே ஓட்டில் ஜெயித்த நாளிலிருந்து 17 ஆண்டுகள்! இடையில் எத்தனை ஆசிரியைகள் குறைந்த சம்பளத்தோடு ஓய்வு பெற்றிருப்பார்கள்? அந்தக் குறைந்த சம்பளத்தை வைத்துத்தானே ஓய்வூதியமும் கணக்கிடுவார்கள்? ஓய்வூதியர் என்ற முறையில் எனக்கு இந்தக் கணக்கு நன்றாகவே உறைக்கிறது.

ஆலைப் பெண்களுக்கு இன்னும் தாமதம். 1968-இல் டாகன்ஹாம் ஃபோர்டு ஆலையில் கார் இருக்கை உறை தைத்த பெண்கள் 187 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் வேலையை "குறைந்த திறன் வேலை" என்று வகைப்படுத்தியிருந்தார்கள். உறை இல்லாமல் கார் எப்படி வெளியே போகும்? ஆலையே நின்றது. அதைத் தீர்த்துவைத்த அமைச்சர் பார்பரா காசில். 1954-இல் குதிரை வண்டியில் போன நால்வரில் அவரும் ஒருவர். 1970-இல் சம ஊதியச் சட்டம் வந்தது, 1975 கடைசியில் நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டிலும் சம ஊதிய அவசரச் சட்டம் அதே 1975-இல்தான். மறு ஆண்டு அது முழுச் சட்டமாயிற்று.

நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து வேலையில் சேர்ந்தபோது, சம்பள நாளில் ஒரே பதிவேட்டில் வரிசையாகக் கையெழுத்துப் போடுவோம். எனக்கு மேலே ஒரு சார், கீழே ஒரு சார். மூன்று பேருக்கும் ஒரே சம்பள விகிதம். கல்யாணம் ஆனது, வேலை போகவில்லை. பிரசவ விடுப்பு எடுத்தேன், திரும்பி வந்தேன், என் நாற்காலி அங்கேயே இருந்தது. இதெல்லாம் காற்று மாதிரி, இயல்பாக இருப்பது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். எங்கேயோ யாரோ எழுதி வாங்கியதால்தான் இருக்கிறது.

நம் நாட்டிலும் எல்லா இடத்திலும் அப்படி இல்லை. இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண் சி.பி. முத்தம்மா. சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் படித்தவர். அந்தப் பணியில் இருக்கும் பெண் திருமணம் செய்ய அரசின் அனுமதி வாங்க வேண்டும், தேவைப்பட்டால் பதவி விலகச் சொல்லலாம் என்று விதி. ஆணுக்கு அப்படி இல்லை. அவர் உச்சநீதிமன்றம் போனார். 1979-இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்தப் பாகுபாட்டைக் கடுமையாகச் சாடி எழுதினார். சுதந்திரம் வாங்கி 32 ஆண்டுகளுக்குப் பிறகு!

ஆக, கேள்வி கேட்ட பிள்ளைக்கு என் பதில் இதுதான் கண்ணு. பெண்ணால் முடியும் என்பதைப் போர் ஊருக்குக் காட்டியது. பெண்ணுக்கே காட்டியது என்றும் சொல்லலாம். விமானம் ஓட்டியவளிடம் "உன்னால் முடியாது" என்று பிறகு யாரும் சொல்ல முடியாது. அந்த அளவுக்கு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேலையை அது இரவலாகத்தான் கொடுத்தது. சொந்தமாக்கியது சங்கம், மனு, வழக்கு, ஓட்டெடுப்பு, சட்டம். அதற்குக் குண்டு விழ வேண்டியதில்லை. 35 பெண்கள் வெந்து சாகவும் வேண்டியதில்லை. போருக்கு நன்றி சொல்லாதீர்கள். எழுதி வாங்கியவர்களுக்குச் சொல்லுங்கள்.

இதை இன்றைக்கும் பொருத்திப் பாருங்கள். கொரோனாக் காலத்தில் உங்களில் பலருக்கு வீட்டிலிருந்தே வேலை என்றார்கள். கைக்குழந்தை வைத்திருந்த பெண்பிள்ளைகளுக்கு அது பெரிய ஆறுதல். அவசரம் தீர்ந்ததும் பல இடங்களில் அந்த வசதி போய்விட்டது. அவசரத்துக்குக் கிடைக்கிற எந்த வசதியையும், அவசரம் தீர்வதற்குள் விதியாக எழுதி வாங்கப் பாருங்கள். ஆபீசிலும் சரி, வீட்டிலும் சரி. மாமியார் உடம்பு சரியில்லாதபோது மகன் சமைத்தால், அவர் எழுந்து நடந்த பிறகும் வாரத்தில் இரண்டு நாள் சமைக்கட்டுமே!

டீச்சர் என்றால் வீட்டுப்பாடம் இல்லாமலா? உங்கள் வீட்டில் 70 வயதுக்கு மேற்பட்ட பெண்கள், பாட்டியோ பெரியம்மாவோ அத்தையோ, யாராவது இருந்தால் இந்த வாரம் பக்கத்தில் உட்கார்ந்து மூன்று கேள்வி கேளுங்கள். என்ன வேலை செய்தீர்கள்? கூலி யார் கையில் வந்தது? வேலையை விட்டிருந்தால், யார் சொல்லி விட்டீர்கள்? அவர்கள் சொல்வதை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவையுங்கள். போனில் பதிவு செய்தாலும் சரி. நம் ஊர்ப் பெண்களின் உழைப்புக்குப் பாடப்புத்தகத்தில் பக்கம் குறைவு. நீங்கள் எழுதும் நோட்டுதான் நாளைக்குப் பக்கம்.

எழுதியவர்கள் கீழே சொல்லுங்கள். நான் ஒவ்வொன்றாகப் படித்து "நன்று" போடுவேன். சிவப்பு மையில்தான்!

அன்புடன்,
உங்கள் டீச்சர்